தாகமே எடுக்காத ஆட்கள்

அந்த முட்டைக்கோஸ் பண்ணையில் வேலை செய்த நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் தாகம் எடுக்காது. மண்வெட்டிக் காம்புக்கே வியர்க்கிற வெயில் அது. வரப்போரம் டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். காலையில் இருந்த மட்டம் சாயங்காலமும் அப்படியே இருக்கும். "நம்ம ஆளுங்க ஒட்டக வம்சம்" என்று முதலாளி வந்தவர்களிடம் பெருமையடிப்பார்.

அங்கே பல வருஷமாக வேலை செய்யும் தன் அண்ணியோடு புதிதாக வேலைக்கு வந்தவளுக்குப் 'புதுசு' என்றே பெயர் ஆகிவிட்டது. முதல் நாளே மூன்று சொம்பு குடித்தாள். எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குக் காரணம் புரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை முழங்கால் உயரக் கோஸ். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. இருந்த ஒரே கழிப்பறையின் நீலக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"சாவி எங்கண்ணே?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"அது இன்ஸ்பெக்டர் வந்தா திறக்கறதும்மா. நீங்கல்லாம் போனா அழுக்காயிடாது?"

சிரிப்பான் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடிய வேகத்தில் இரண்டு பஸ் பின்தங்கின.

மறுவாரம் அண்ணி வரிசை நடுவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். எட்டு வருஷமாகப் பகலில் தண்ணீரே குடிக்காததில் சிறுநீரகம் காய்ந்துபோய்விட்டது என்றார் டாக்டர். இனி நிறையக் குடிக்காவிட்டால் பிழைக்கமாட்டாளாம்.

"டிரம் நிறைய வெச்சிருக்கோம். குடிக்காதது யார் குத்தம்?" என்றான் மேஸ்திரி.

புதுசுக்கு உச்சி மயிர் பற்றிக்கொண்டது.

மூன்றே நாளில் அண்ணி திரும்பி வந்தாள். வராவிட்டால் வேலை போய்விடும். அன்று இன்ஸ்பெக்டர் வருகிற நாள்.

"குடிங்கடி!" என்று புதுசு சொம்பை நீட்டினாள்.

"உனக்குப் பைத்தியமா?"

"இன்னிக்கு அந்தக் கதவு திறக்கும்ல? குடிங்க. அண்ணி, நீ ரெண்டு சொம்பு."

பத்து மணிக்குள் டிரம் காலி. அண்ணி மட்டும் ஒரு சொம்பு குடித்துவிட்டு, இரண்டாவதை அப்படியே வரப்பில் வைத்தாள்.

ஜீப் வந்தது. மேஸ்திரி பூட்டைத் திறந்தான். உள்ளே சோப்பு உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்ப்பதற்குள் புதுசு அண்ணியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவள் பின்னால் அத்தனை பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

"ஏய், ஐயா பாக்கணும்! நகருங்க!"

"இவங்க எட்டு வருஷமா அடக்கிட்டு நிக்கறாங்க. ஐயா கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"இது தினமும் திறக்கறதில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் புதுசு அவன் கையிலிருந்த பூட்டைப் பிடுங்கிக் காலி டிரம்முக்குள் வீசினாள். அந்தச் சத்தத்தில் பண்ணைக் கோடியில் இருந்த முதலாளி வீட்டு ஜன்னல் திறந்தது.

"இனிமே இதைப் பூட்டிப் பாருங்க. முதலாளி வீட்டு வாசல்ல வந்து உக்காருவோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"அந்த ரெண்டாவது சொம்பைக் கொண்டு வாடி."