அக்கா பேசின சம்பந்தம்

என்ரை மகள் லவீனா, தன்ரை மகன் ஜெரோசனுக்குத்தான் எண்டு என்ரை அக்கா லூர்த்தம்மா எப்பவோ முடிச்சிட்டா. குருநகரிலை ஆருக்குத் தெரியாது? பெடிக்கும் பெட்டைக்கும் ஒருத்தரிலை ஒருத்தர் உயிர். சொந்த மச்சான் மச்சாள் எண்டபடியால் கோயில் சுவாமியார் மேற்றிராணியாருக்கு, அதுதான் ஆயருக்கு, எழுதி உத்தரவும் எடுத்துத் தந்திட்டார். மண்டபம் பேசுறதுதான் மிச்சம்.

அதுக்கிடையிலை அக்காவுக்கு மறதி வந்திட்டுது. அறுபதுதான் வயசு. மீன் கறிக்கு ரெண்டுதரம் உப்புப் போட்டா, பிறகு அடுப்பிலை கறி இருக்கிறதையே மறந்தா. எங்கடை அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். வயசு போனால் அப்பிடித்தான் எண்டு அப்ப பேசாமல் இருந்திட்டம்.

கிளினிக்கிலை டொக்டர் பிள்ளை ஒண்டு அக்கான்ரை ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினது. பரம்பரை அணுவிலை ஒரு மாற்றமாம். அக்காவுக்கு அப்பாவிட்டையிருந்து ஒண்டு, அம்மாவிட்டையிருந்து ஒண்டு. அவையும் சொந்த மச்சான் மச்சாள்தானே! ஒண்டிருந்தால் கொஞ்சம் பயமாம், ரெண்டிருந்தால் இன்னும் பயமாம், ஆனால் வந்தே தீரும் எண்டில்லையாம். ஜெரோசன் சும்மா இருப்பானே? தானும் ரத்தம் குடுத்தான், லவீனாவையும் குடுக்க வைச்சான். ரெண்டு பேரிட்டையும் ஒவ்வொண்டு இருந்துது.

"மாமா, பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டும் போகலாம். அம்மாவைப் பாத்துக்கொண்டிருந்திட்டு என்னாலை ஏலாது," எண்டான்.

நான் விட்டனே? "வந்தே தீராதெண்டு டொக்டரே சொல்லுது, உனக்கென்ன விசரே? மேற்றிராணியாரே உத்தரவு தந்திட்டார், நீ ஆரடா மறிக்க?" எண்டு றோட்டிலை நிண்டு கத்தினன். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு அழுதான். லவீனாதான் ஓடி வந்தாள். "அப்பா, அவர் தனிய முடிவெடுக்கேல்லை, நானும்தான்," எண்டாள்.

கலியாணம் நிண்டு ரெண்டு வருசமாச்சு. அக்காவுக்கு இப்ப தானாச் சாப்பிடவும் ஏலாது. ஆனாலும் மாமிக்குச் சோறு தீத்திவிடப் போறதை லவீனா நிப்பாட்டேல்லை. ஜெரோசன் வேலைக்குப் போற நேரமாப் பாத்துப் போவாள்.

நேற்று நானும் கூடப் போனன். அக்கா ஒரு வாய் வாங்கினா. பிறகு லவீனான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு முகத்தையே பாத்தா.

"ஆற்றை பிள்ளையம்மா நீ?"

நான் வாய் துறக்க முதல் அக்காவே தொடர்ந்தா.

"நல்ல பிள்ளையாய் இருக்கிறாய். எனக்கொரு மகன் இருக்கிறான், குடிவெறி ஒண்டுமில்லை. சொந்தத்துக்கை வேண்டாமெண்டு நிக்கிறான். நீ எங்களுக்கு ஒரு உறவுமில்லைத்தானே. அவனைக் கலியாணம் செய்யிறியே?"

என்ரை பிள்ளை மற்றக் கையாலை அக்கான்ரை வாயைத் துடைச்சாள்.

"ஓம் மாமி," எண்டாள்.