மாடி அறைக்குக் கஞ்சி

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, மீனும் கருவாடும் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ராயபுரத்தில் இந்த விஷயத்தில் மத வித்தியாசம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற வீட்டிலும் அம்மை வந்தால் வேப்பிலை வந்துவிடும். மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொத்தைச் செருகி வைப்பார்கள்.

ஐரீனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுக்கே சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. ஆனால் அவள் பிழைப்பே எண்ணெய்ச் சட்டிதான். காசிமேட்டில் காலையில் மீன் எடுத்து, கழுவி, மசாலா தடவி ஊறப்போட்டு, வெயில் தாழ்ந்ததும் வீட்டு வாசலில் வறுத்து விற்பாள். அதிலும் இது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத வேதக்காரர்கள் எல்லாம் மீனுக்கு வருவார்கள். மற்ற மாதங்களில் ஒரு வாரம் முழுக்க ஓடுகிற வியாபாரம் தவக்கால வெள்ளி ஒன்றில் ஓடிவிடும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மாடி அறைப் பெண்ணுக்கு அம்மை போட்டது.

செங்கொடி கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். ரத்தம், சளி எல்லாம் சோதனை செய்கிற லேப் படிப்பு படிக்கிறாள். ஐரீன் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குடி வைக்கும்போது ஐரீன் போட்ட ஒரே நிபந்தனை, அறையில் சமையல் கூடாது என்பது. அந்தக் கூரைக்குக் கீழே அடுப்பு எரிந்தால் மனுஷர் இருக்க முடியாது. அதனால் ஸ்டவ் கிடையாது, கெட்டில்கூடக் கிடையாது. செங்கொடி மூன்று வேளையும் தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே மெஸ்காரம்மா, "நீ ரூம்லயே இரும்மா, இங்க நாலு பேர் சாப்புட்ற எடம்" என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்கும் போக முடியாது. அண்ணி நிறைமாதமாக இருக்கிறாள். அந்த நிலையில் அம்மை ஒட்டினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அம்மா கெங்கம்மா இங்கே வரலாம் என்றால், அவளுக்கு இதுவரை அம்மை போட்டதேயில்லை. வந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் அதே மருமகளிடம்தான் போக வேண்டும். ஒரு முறை போட்டவர்களுக்கு அநேகமாகத் திரும்பப் போடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போகத் தகுதியான ஆள் ஐரீன் ஒருத்திதான்.

"நான் பாத்துக்கறேன் யக்கா, நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுறே," என்று கெங்கம்மாவிடம் போனில் சொன்னாள்.

"வூட்ல தாளிப்பு கீளிப்பு..."

"அடுப்புல எண்ண ஏறாது யக்கா. மாதா மேல சத்தியமா."

சத்தியம் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அன்று மாலையே அவள் சங்கரா மீனை எண்ணெயில் போட்டாள்.

அவள் கணவன் சவரிநாதன் துறைமுகத்தில் கப்பலில் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டு இறுக்குகிற வேலை செய்கிறவன். சட்டை மாட்டிக்கொண்டே கேட்டான், "இன்னா ஐரீனு, மேல பாப்பாக்கு அம்மை, நீ சட்டி வெச்சினுகீறே?"

"தவக்காலத்துல நிறுத்துனா வருஷம் முழுக்க வாயக் கட்டணும். நீ கட்டறியா?"

"எனக்கு இன்னா. அந்தப் பொண்ணு மூக்குக்கு நீ பதில் சொல்லு."

அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். மாடி அறையின் ஜன்னல் வாசல் பக்கம் பார்த்திருந்தது. வாசலில் வறுத்தால் நெடி ஜன்னல் வழியே போகும் என்று நினைத்து, அடுப்பைத் தூக்கிப் பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே வறுத்துத் தட்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து விற்றாள். அம்மை என்று தெரிந்தால் தெருவில் ஒருவர்கூட அவளிடம் வாங்க மாட்டார்கள். அதனால் வேப்பிலைக் கொத்தையும் வாசலில் கட்டாமல் செங்கொடியின் அறைக் கதவில் கட்டினாள்.

கஞ்சியில் மட்டும் குறை வைக்கவில்லை. நொய்யைக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு, அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அரிசியும் தண்ணீரும் பிரிந்து நிற்பதை விட்டுவிட்டு ஒன்றாகிவிடும். அந்தப் பதத்தில் இறக்கி, கல் உப்புப் போட்டு, மோர் ஊற்றிக் கலக்குவாள். காலையில் ஒரு தூக்குச்சட்டி, வியாபாரம் முடித்துக் குளித்த பிறகு ஒரு தூக்கு. படியேறிப் போய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "பாப்பா, வெச்சிகீறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். தனக்கு ஒட்டாது என்று தெரிந்தும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் பேச வேண்டியிருக்கும். தூக்கு காலியாகக் கதவோரம் வந்து நிற்கும். அதை எடுத்துக்கொண்டு கீழே வந்து கெங்கம்மாவுக்குப் போன் போடுவாள்.

"துன்ட்டா யக்கா. தூக்கு காலி."

அம்மை ஒரே வீச்சில் வருவதில்லை. முதலில் நெஞ்சிலும் முதுகிலும் சிலது, மறுநாள் வயிற்றில், அப்புறம் முகத்தில். பழையது காய்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியது நீர் கோத்து நிற்கும். எல்லாம் பொருக்குக் கட்டி முடிகிறவரை ஒதுங்கி இருக்க வேண்டும், நிறையக் குடிக்க வேண்டும் என்று சுகாதார நிலைய டாக்டர் மாத்திரை கொடுத்தபோதே சொன்னார். செங்கொடியும் போனில் ஐரீனிடம் அதையே சொன்னாள். "இன்னும் வரும் அக்கா, அலை அலையாத்தான் வரும். பயப்படாதீங்க." ஐரீன் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் காலையில் அந்தப் பெண், "இன்னிக்குக் கழுத்துல புதுசா வந்துருக்கு" என்றால், நேற்று சட்டியில் போட்ட மீன்தான் அவளுக்கு ஞாபகம் வரும். பிறகு, கழுத்தில் வந்தது என்பதைக் கெங்கம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் தெரு அடைத்து ஆள். இரண்டு சட்டி வைத்தும் போதவில்லை. ஐரீன் பின்கட்டுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற ஜெரி, வாழை இலையில் நெத்திலியை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா ஐரீனக்கா, மாடில காக்காக்கு கிருத்திகை படைக்கிறியா? மதம் மாறிட்டியா?"

"இன்னாடா ஒளர்றே?"

"நீயே பாரு. செவுரெல்லாம் சோறு வழியுது."

கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன. சுவரில் வெள்ளையாகக் கோடு கோடாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒரு கோடு இன்னும் ஈரமாக இருந்தது. கஞ்சி. ஐரீன் கையிலிருந்த தட்டை அப்படியே ஜெரியிடம் நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அவள் மாடிப்படி ஏறுவது அன்றுதான் முதல் தடவை.

படி பின்கட்டில், குழாயடியை ஒட்டியே தொடங்குகிறது. இரண்டு பக்கமும் சுவர், மேலே கூரை, நடுவில் ஓர் ஆள் போகிற அகலம். உச்சியில் நேராகச் செங்கொடியின் அறைக் கதவு. பாதி ஏறுவதற்குள் மிளகாய் நெடி ஐரீனின் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தினமும் சட்டிக்குமேல் குனிந்து நிற்கிறவளுக்கே அப்படி. அங்கே நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. வாசலில் வறுத்திருந்தால் பிற்பகலில் கிளம்புகிற கடல்காற்று புகையை வாரித் தெருவோடு கொண்டுபோயிருக்கும். பின்கட்டில் காற்றே கிடையாது. சூடான புகை மேலே போகத்தான் பார்க்கும், அதற்கு அங்கே இருக்கிற ஒரே வழி இந்தப் படி. புகைபோக்கி கட்டுகிற கொத்தனார்கூட இவ்வளவு நேராகக் கட்ட மாட்டான். அதன் அடியில் அவள் அடுப்பை வைத்திருக்கிறாள், உச்சியில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்திருக்கிறாள்.

கதவின் அடி இடுக்கில் ஈரத் துப்பட்டா ஒன்று உள்ளிருந்து திணிக்கப்பட்டிருந்தது. தள்ளித் திறந்தாள். அறை கொதித்தது. செங்கொடி சுவரோரம் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

"கஞ்சி சாப்டலியா பாப்பா?"

"வாய்க்குள்ள வந்துருக்கு அக்கா." குரல் காற்றாக வந்தது. "நாக்குல, தொண்டைல. உப்பு பட்டா எரியுது. மோரு இன்னும் எரியுது."

"சொல்லக் கூடாதா? காக்காக்கு ஊத்திகினு கீறியே."

"திருப்பி அனுப்புனா நீங்க சங்கடப்படுவீங்க. அவ்ளோ வேலைல செஞ்சி எடுத்துனு வரீங்க."

ஐரீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறைக்குள்ளும் அந்த நெடி இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இந்த நெடி தெனிக்குமா வருது?"

"சாயந்திரம் மட்டும். இருமினாத்தான் தொண்ட கிழியற மாதிரி இருக்கும்." செங்கொடி கொஞ்சம் நிறுத்தி எச்சிலைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். "அம்மாகிட்ட சொல்லல அக்கா. அடுப்பே பத்த வெக்கலன்னுதான் சொல்லிருக்கேன். நீங்க சத்தியம் பண்ணீங்களாமே."

அந்தப் பெண் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐரீனுக்குப் பதில் பேச வந்திருக்கும்.

கீழே இறங்கி இரண்டு அடுப்பையும் அணைத்தாள். வாசலுக்கு வந்து, "இன்னிக்கு அவ்ளோதான், போங்க" என்றாள்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா?" என்றான் ஜெரி.

"மேல அந்தப் பொண்ணுக்கு அம்மை போட்டுகீது."

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். ஓர் அம்மாள், "இப்பவா? இல்ல..." என்று தொடங்கினாள்.

"முன்னயே. நாந்தான் சொல்லல."

யாரும் சண்டை போடவில்லை. ஜெரி தன் இலையை மெதுவாக மடித்துத் தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லோரும் போனார்கள். அந்த அம்மாள் மட்டும் திரும்பி, "வெய்யில்ல எளநி வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாயில் புண் வந்தவருக்கு ஊட்டுவது ஒரு தனி வேலை. உப்பு, புளிப்பு, சூடு மூன்றும் ஆகாது. ஐரீன் புதிதாக நொய் வடித்து, கஞ்சியை மட்டும் துணியில் வடிகட்டினாள். இளநீரின் வழுக்கையை அரைத்து அதில் கரைத்தாள். டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து நன்றாக ஆறவிட்டாள். மாடியில் செங்கொடியின் வாயைத் திறக்கச் சொல்லிப் போனின் வெளிச்சத்தில் பார்த்தாள். இடது பக்கம் நிறைய, வலது கன்னத்தின் உட்புறம் சுத்தமாக இருந்தது. ஸ்பூனை அந்தப் பக்கமாகக் கொண்டுபோய்க் கன்னத்தை ஒட்டிச் சரித்தாள். "மோவாய நெஞ்சாண்ட வெச்சிகினு முழுங்கு. அண்ணாந்தா தொண்டைல புண்ணு மேல மோதும்." முதல் வாய் பாதி வெளியே வந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவதற்குச் செங்கொடியே வாயைத் திறந்தாள்.

"இத முன்னயே பாத்துருக்கணும் நானு," என்றாள் ஐரீன்.

"எண்ணைக்கும் கொப்புளத்துக்கும் சம்பந்தமில்ல அக்கா. அது வைரஸ்."

"நான் எண்ணையச் சொல்லல."

போன் அடித்தது. கெங்கம்மா.

"துன்னாளா தங்கச்சி?"

தூக்கு காலி என்று சொல்ல நாக்கு பழக்கப்பட்டிருந்தது. ஐரீன் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய்ச் சட்டி, பின்கட்டு, படி, காக்கை, தொண்டைப் புண். செங்கொடி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.  

"நீ வறுத்தது உம் பொழப்பு," என்றாள் கெங்கம்மா, ஐரீன் சொல்லி முடித்ததும். "அத்த நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா தெனிக்கும் துன்ட்டா துன்ட்டான்னு சொன்னே. நானும் நிம்மதியா படுத்துத் தூங்கிட்டேன். இப்ப நீ துன்றான்னு சொன்னா, நா இன்னான்னு நம்பறது?"

ஐரீன் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எம் மவன் போன்ல வரேன். மூஞ்சி தெரியறாப்புல வையி."

அம்மா பார்த்தால் அழுவாள் என்று செங்கொடி இத்தனை நாளும் முகத்தைக் காட்டாமலே இருந்தாள். இப்போது எதுவும் சொல்லாமல் முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐரீன் இடது கையில் போனைப் பிடித்தாள், வலது கையில் ஸ்பூன். சின்னத் திரையில் கெங்கம்மா வந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது, ஆனால் அழவில்லை. அப்புறம் அவள் கண் ஐரீனின் கைக்குத் தாவி, ஸ்பூனோடு டம்ளருக்குப் போய், டம்ளரிலிருந்து மகள் வாய்க்கு வந்தது.

"முழுங்கிட்டாளா?"

"முழுங்கிட்டா யக்கா."

"உன்னக் கேக்கல. அவள வாயத் தொறந்து காட்டச் சொல்லு."

செங்கொடி வாயைத் திறந்து காட்டினாள். ஐரீன் போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய், அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"செரி," என்றாள் கெங்கம்மா. "அடுத்தது குடு."