கவ்வாத்து என்று சொன்னேன்

தவறு என்னுடையது. அதை எழுதுகிற அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். சொல்லவேண்டிய இடத்தில் வாய் வரவில்லை.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்குப் பொலித்தீன் கூடாரம் போட்டுக்கொடுத்துத் தக்காளி வளர்க்கச் சொல்லித்தரும் திட்டத்தில் நான் கள அலுவலர். பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்தில். பத்து வயதில் அட்டன் விடுதிக்குப் படிக்கப் போனவள், அப்புறம் லயத்தில் சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம், "நானும் லயத்துப் புள்ளதான்" என்று ஆரம்பிப்பேன். பெரட்டு, கொழுந்து, கவ்வாத்து என்று தோட்டத்துச் சொற்களை அள்ளிவிடுவேன். சனங்களுக்கு என்னைப் பிடித்துப்போகும். எனக்கும் என்னைப் பிடித்துப்போகும்.

சிவசாமி மாமா முப்பத்திரண்டு வருடம் தேயிலையில் கவ்வாத்து வெட்டியவர். வயதேறிய தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொத்தமாக வெட்டி வெறும் குச்சியாக விடுவார்கள். சில மாதத்தில் அது புதிதாகத் துளிர்க்கும். ஓய்வு பெற்றவருக்கு ஒரு கூடாரம் கிடைத்தது. முதல் போகம் தேறினால் கூடாரம் அவருக்கு, தேறாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. அவருடைய மகள் சுதர்ஷினி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். தக்காளி கைகொடுத்தால், தீபாவளிக்கு வருகிறவளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் காய் எவ்வளவு பருத்திருக்கிறது என்று விரலை வளைத்துக் காட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இறம்பொடையில் கூட்டத்துக்கு நான் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தபோது போனில் அழைத்தார்.

"மிஸ், செடி எல்லாம் அடஞ்சு போச்சுங்க. உள்ள காத்தே போகல."

பக்கக் கிளைகளைக் கிள்ளவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சாதாரணமாகச் சொன்னால் என் பெருமை என்னாவது?

"அப்ப ஒரு கவ்வாத்துப் போட்டுருங்க மாமா."



"காயா இருக்கே மிஸ். வெட்டலாமுங்களா?"

"பயப்படாம வெட்டுங்க. வெட்டுனாத்தான் நல்லா வரும்."

அவர் கேட்டார். நான் காது கொடுக்கவில்லை. இன்றைக்கும் நெஞ்சை அறுப்பது அந்தக் கேள்விதான்.

வியாழக்கிழமை போனேன். கூடாரத்துக்குள் இருநூறு தக்காளிச் செடியும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக, சாய்வாக வெட்டப்பட்டு நின்றன. ஓரத்தில் பச்சைக் காய்களோடு கிளைகள் குவிந்து கிடந்தன. மாமா கத்தியைத் துடைத்தபடி சிரித்தார்.

"ஒரு குச்சிகூட பொளக்கல, பாருங்க மிஸ்."

உண்மைதான். அவ்வளவு சுத்தமான வெட்டு. தேயிலைக்கு அது மறுபிறவி, தக்காளிக்குச் சாவு. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறங்கியது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை எங்கள் திட்ட மேலாளர் துஷாந்த் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாருங்க இப்படி வெட்டச் சொன்னது?"

அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பது அவர் கையில். அது மட்டும்தான் அப்போது என் மூளையில் ஓடியது. மாமா என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன படித்தாரோ, துஷாந்த் பக்கம் திரும்பினார்.

"மிஸ் பக்கத்துக் கொழுந்தக் கிள்ளத்தான் சொன்னாங்க சேர். எனக்குத்தான் இந்தக் காது சரியா கேக்காது."

அவருக்குப் பாம்புக் காது. லயத்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். நான் செடியைக் குனிந்து பார்ப்பதுபோல நின்றேன்.

கூடாரம் அடுத்த ஆளுக்கு என்று முடிவாகிவிட்டது. துஷாந்த் தன் வான் வண்டிக்கு நடந்தார்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

"நம்ம லயத்துலருந்து ஒரு புள்ள இந்த வேலைக்கு வந்திருக்கு. அதையும் வெட்டிட்டா எப்புடி மிஸ்?"

அப்போதும் நேரமிருந்தது. வான் கிளம்பவில்லை. இருபது அடி நடந்து, நான்தான் சொன்னேன் என்றிருக்கலாம். அதற்குள் மாமாவுடைய போன் அடித்தது. சுதர்ஷினி.

"ஆமா ஆயி, தக்காளி போச்சு. மிஸ் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்பாவுக்குத்தான் காது கேக்கல." பெற்ற மகளிடமும் அதையே சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அழுவாத. தீவாளிக்கு வந்துட்டுப் போ."