வலது மேல்புறத்தில் ஒரு திட்டு

அறுபத்தொன்பதாம் வருஷம், ஜூன் மாதம். மனிதன் நிலவுக்குப் போகப்போகிறான் என்று பேப்பர்கள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தன. நிலவுக்குப் போகிறவன்கூட எட்டே நாளில் வீடு திரும்பிவிடுவானாம். தன் மகள் பெருந்தேவி அமெரிக்காவுக்குப் போனால் இரண்டு வருஷம் ஆகுமே என்பதுதான் பூவம்மாளின் கவலை.

தாவரவியல் எம்.எஸ்ஸி. படிக்க அங்கே ஒரு காலேஜ் இடம் கொடுத்துவிட்டது. செலவெல்லாம் அவர்களுடையது. அப்பா கோதண்டபாணி தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள். மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு, இந்த வெள்ளிக்கிழமைக்குள் விமானத் தபாலில் சேர்க்க வேண்டும். தவறினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

திங்கட்கிழமை அம்மாவும் பெண்ணும் எக்ஸ்ரே எடுக்கப் போனார்கள். எக்ஸ்ரேக்காரன் முனுசாமி சின்ன வயசுக்காரன். "கொக்கி, பின்னு, சங்கிலி எதுவும் கூடாதும்மா. ரவிக்கையக் கழட்டிட்டு துண்டு போத்திக்கினு வரச்சொல்லுங்க" என்றான்.

"நல்லா இருக்குதுபா உன் நியாயம்! வயசுப் பொண்ணு துண்டைப் போத்திக்கினு உன் எதிர்ல நிப்பாளா? கொக்கிதானே கூடாது? இரு" என்று பூவம்மாள் வீட்டுக்கு ஓடி, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற பழைய பட்டு ரவிக்கை ஒன்றை எடுத்துவந்தாள். அவளிடம் வாயாடி ஜெயிக்க முனுசாமியால் முடியவில்லை. ரவிக்கையோடேயே படம் எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் கைலாசம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலது பக்கம் மேல ஒரு திட்டு இருக்குது. ஆரம்பம்தான், பயப்படாதீங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஊசி போடலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பாக்கலாம். இப்போதைக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

பெருந்தேவி வீட்டுக்கு வந்ததும் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே கவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோதண்டபாணி மட்டும் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பூவம்மாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. அதன் ஒரு ஓரம் நேர்கோடாக இருந்தது. எந்த வியாதிக்கு இப்படிக் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல ஓரம் இருக்கும்? அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ரவிக்கை தோளுக்குக் கீழே கிழிந்திருந்தது. உள்பக்கம் ஒட்டுப்போட்டவள் அவள்தான். தன் கல்யாணப் புடவையின் இற்றுப்போன முந்தானையிலிருந்து இரண்டு விரல் அகலம் சரிகையை வெட்டி வைத்துத் தைத்திருந்தாள். சரிகை என்றால் வெள்ளிக் கம்பி. காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொக்கியைப் போல அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது. ரவிக்கையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒட்டும் திட்டும் கச்சிதமாகப் பொருந்தின.

"பெருந்தேவி!" என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னால் பெண் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள். இவ்வளவுதான் விஷயம். ஒரே பெண். அங்கே காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள்? நாமாகவா கெடுத்தோம், தெய்வமாகப் பார்த்துத் தடுக்கிறது என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ரவிக்கை பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

புதன்கிழமை பெருந்தேவி சாப்பிடவில்லை. வியாழக்கிழமை பூவம்மாள் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். பெண் கதவருகிலேயே தடுத்துவிட்டாள்.

"உள்ள வராதம்மா. எனக்கு வந்தது உனக்கும் வந்துடும். நான் செத்தாலும் பரவால்ல, நீ அப்பாவப் பாத்துக்கணும்" என்று அழுதாள்.

பாவி பூவம்மாள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே கவரோடு ரவிக்கையையும் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனாள். ரவிக்கையை எதற்கு எடுத்துப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊசி கொதிநீரில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெருந்தேவி சொல்பேச்சுக் கேட்கிற குழந்தையாகக் கையை நீட்டினாள். நர்ஸ் பஞ்சை எடுத்தாள்.

"வேணாம்! ஊசி போடாதீங்க! அது வியாதி இல்லீங்க டாக்டரய்யா, சரிகை!"

ரவிக்கையையும் படத்தையும் டாக்டர் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லக்கூடாதாம்மா? ஓடுங்க, வேற படம் எடுத்துக்கினு வாங்க."

இந்தத் தடவை பூவம்மாள் வாயாடவில்லை. பெருந்தேவி துண்டைப் போர்த்திக்கொண்டு போய் நின்றாள். படம் காயும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சரிகைக்குப் பின்னால் நிஜமாகவே ஏதாவது ஒளிந்திருந்தால்? மூன்று நாள் பூவம்மாள் எந்தத் திட்டு இருக்கட்டும் என்று நினைத்தாளோ, அது இருக்கவே கூடாது என்று இப்போது ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கெஞ்சினாள்.

படம் சுத்தமாக இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

தெருவுக்கு வந்ததும் பெருந்தேவி நின்றாள். "எப்பம்மா தெரியும் உனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பூவம்மாளுக்குப் பொய் வரவில்லை. "செவ்வாக்கிழமை" என்றாள்.

"நேத்து கதவாண்ட நின்னு அழுதேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

பெருந்தேவி அழுவாள், திட்டுவாள் என்று பூவம்மாள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"போலாமா வேணாமான்னு எனக்கே பயமாத்தான் இருந்துச்சும்மா. நீ ஒரு தடவை போவாதன்னு நேரா சொல்லியிருந்தா இருந்திருப்பேன். இனிமே என்னால இருக்க முடியாது."

மணி நாலரை ஆகியிருந்தது. "தபாலாபீஸ் மூடிடுவாங்க, நட சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாளே முன்னால் நடந்தாள்.