மற்றவை

அன்றைய நாற்பத்தோராவது நோயாளி ஒரு தையல்காரர். வயது எழுபத்தாறு. கூடவே மகள்.

ரத்த அழுத்தம் நூற்றெண்பது. கணினித் திரையில் கேள்விகளுக்குப் போன முறை பதிந்த பதில்களே மீண்டும் வந்து நின்றன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? ஆம். ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம். மூன்று முறை அப்படித்தான் ஒப்புக்கொண்டேன். அழுத்தம் இறங்காததால் மூன்று முறையும் மாத்திரையின் அளவைக் கூட்டினேன்.

நான்காவது முறையும் கூட்டப் போனேன்.

"இனிமே கவலையில்ல டாக்டர்," என்றாள் மகள். "அப்பாவ என் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். நாளையிலேருந்து என் கையாலதான் மாத்திரை. ஒரு வேளை தவறாது."

"ஜெயிலர் அம்மா," என்றார் அவர்.

"வாய மூடுங்கப்பா."

பக்கத்தில் நின்ற சிஸ்டர் குனிந்தார். "டாக்டர், கீழ 'மற்றவை'ன்னு இருக்கும். பாத்தீங்களா?"

"அங்க என்ன?"

"நான் கதை எழுதுற இடம். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க. டிக் போட்டா போதுமாம்."

ஐந்து முறை உருட்டினால் வரும் பெட்டி. நான் அதைத் திறந்ததேயில்லை.

நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. 'மாத்திரை சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் எழும்போது தலை சுற்றுகிறதாம். குளியலறையில் ஒருமுறை விழுந்திருக்கிறார். தெரிந்தால், தான் தனியாக இருக்கும் வீட்டைப் பூட்டி மகள் தன்னைக் கூட்டிப்போய்விடுவாள் என்று பயப்படுகிறார். டாக்டர் பார்க்கவும்.'

மூன்று முறை கூட்டிய மருந்து. அவர் உடம்பு அந்த அளவைக் கண்டதேயில்லை. நாளைக் காலை முழுதாக உள்ளே போகும். அடுத்து அவர் குளியலறைக்குப் போவார்.

"ஐயா, எந்திரிக்கும்போது தலை சுத்துதா?"

அவர் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு மகளை. "மாத்திரை போட்டா சுத்தும். அதான் போடறதில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா?"

"சொன்னா வீட்டப் பூட்டிடுவ. அதான் பூட்டியாச்சே, இனிமே என்னத்த மறைக்க?"

பழைய மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். வேறொன்று, மிகச் சிறிய அளவில். ஒரு வாரத்தில் வரச் சொன்னேன். மகள் சீட்டை வாங்கிக்கொண்டாள். அவர் எழும்போது கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினேன். பெட்டியில் நான்கு வரி எழுதினேன். தட்டிப் பழகாத விரல்கள் வலித்தன.

"அடுத்த ஆளக் கூப்பிடவா டாக்டர்?"

வெளியே இன்னும் பன்னிரண்டு பேர். இவருக்கு முன்னால், காலையிலிருந்து நாற்பது பேர் போய்விட்டிருந்தார்கள்.

"இருங்க சிஸ்டர். இன்னைக்கு வந்தவங்கள்ல வேற யாருக்குக் கதை எழுதியிருக்கீங்க?"

சிஸ்டர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.