இரண்டாம் பேஸுக்கு ஓர் எறி

பேஸ்போல் என்றால் டினுஷாவின் ஊரான அமிர்தகழியில் பலரும் மட்டையும் பந்துமாக ஆடும் எல்லே விளையாட்டு என்றே நினைத்தார்கள். அவள் அதைத் திருத்துவதை விட்டுவிட்டாள். கொழும்புக் கழகமொன்றின் கெட்சர் அவள். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்க வேண்டும். ஓடித் தொட வேண்டிய முதல் இடமான முதலாம் பேஸில் நிற்பவள் களவாக இரண்டாம் பேஸுக்கு ஓடினால், பந்து அவளை முந்திக்கொண்டு அங்கே நிற்கும் அணித்தோழியிடம் போய்ச் சேர வேண்டும். கடைசிப் போட்டியில் டினுஷாவின் பந்து ஒவ்வொரு முறையும் பிந்தியது. அணி தோற்றது. தை மாத அணித் தெரிவுக்கு முன் எறியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வரும்படி பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார்.

ஊரில் மாரி தொடங்கியிருந்தது. வாவிக்கரையில் இரண்டு தென்னைகளுக்கிடையே பழைய மீன்வலையைக் கட்டி எறிந்தாள். எறிந்த பந்தை அவளே நடந்துபோய் எடுத்து வந்தாள். நனைந்த பந்து கனத்தது.

அம்மா மக்டலின் குடையோடு வந்து நின்றாள்.

"ஆருக்குப் புள்ள எறியிறாய்?"

"ரெண்டாம் பேஸுக்கு, அம்மா."

"அங்க ஒருத்தரையும் காணல்லியே."

டினுஷா பந்தை எடுக்க நடந்தாள். அங்கே நிற்க வேண்டியவள் சித்தாண்டி ஊர்த் தனுஷியா. இருவரும் ஒன்றாகக் கழகத்தில் சேர்ந்தவர்கள். அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்ததில் தோள் பிடித்துக்கொண்டது. சீப்பைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் தலை வாரிவிட்டாள். தான் எறிவதை டினுஷா முன்பே படம் பிடித்துத் தனுஷியாவுக்கு அனுப்பியிருந்தாள். அதற்கு இப்போதுதான் குரல் பதிவொன்று வந்தது.

"உன்ட கையில பிழையில்லடி. கால்தான் பிந்துது. பந்தைப் பிடிக்கக்குள்ளயே வலது கால் திரும்பிரணும். தோளைப் போட்டு வருத்தாத." பிறகு, "இஞ்ச ஒரே பனி. நேத்து கிளவ்வை எடுத்துக் கையில போட்டுக்கிட்டு சும்மா இருந்தன்."

டினுஷா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தோள் ஆறும்வரை பந்தைத் தொடவில்லை. ஈரமணலில் கால்களை மட்டும் பழக்கினாள். குந்தியிருந்து எழும்பும்போதே உடம்பு திரும்ப வேண்டும். பந்து கிளவ்விலிருந்து மற்றக் கைக்கு மாற வேண்டும். வலி போனபின் மெல்ல எறியத் தொடங்கி, தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டினாள். மாரி முடியும்போது பந்து தாழ்ந்து, நேராகப் போய் வலையை இழுத்தது. அதைப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

தெரிவு நாளில் ஓட்டக்காரி புறப்பட்டதும் டினுஷா எழுந்து எறிந்தாள். இரண்டாம் பேஸுக்குப் புதிதாக வந்தவள் அங்கே போய்ச் சேருமுன் பந்து பேஸைத் தாண்டி மைதானத்தின் கடைசிக்கு ஓடியது. சிலர் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இன்னொருமுறை எறியச் சொன்னார். இந்தமுறை புதியவள் முந்தியே போய் நின்றாள். பந்து அவளுடைய கிளவ்வில் அறைந்தது. ஓட்டக்காரி பாதிவழியில் நின்றுவிட்டாள்.

டினுஷாவை அணிக்கு எடுத்தார்கள்.

பின்னேரம் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கையில், "எடுத்திட்டாங்க" என்று தனுஷியாவுக்கு அனுப்பினாள். அங்கே இன்னும் விடிந்திராது. "நீ நிண்டிருந்தா முதல் எறியே அவுட்" என்றும் எழுதினாள். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பாமல் அழித்தாள்.