குழாய் வாய்மூடிய பத்து நாள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவருக்குள் அடிக்கடி 'தடால்' என்று சத்தம் கேட்கும். பக்கத்து அறையில் துணி தைக்கும் நான் போட்டது போட்டபடி ஓடுவேன். அங்கே மாமனார் குழாயடியில் ஈரக்கையோடு நிற்பார்.

"ஒண்ணும் இல்லம்மா, தண்ணி குடிச்சேன். இந்தச் சனியன் பிடிச்ச பைப் சத்தத்துல தூக்கிவாரிப் போடுது. பிளம்பரைக் கூப்பிடேன்!"

ஒரு மாதமாக இதே நச்சரிப்பு. அவருக்குச் சர்க்கரை வேறு. காலில் ஒரு புண் ஆறாமல் படுத்துகிறது. சர்க்கரை குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே மனிதருக்கு வெலவெலத்துவிடும். பாவம், இந்தச் சத்தமாவது தொலையட்டும் என்று பிளம்பரை வரவழைத்தேன்.

வந்தவர் குழாயைத் திறந்து மூடினார். சத்தம் இல்லை. நானும் மூடிப் பார்த்தேன். ம்ஹூம்.

"நல்லாத்தானே இருக்கு அக்கா?" என்றார். எனக்கு மானம் போயிற்று.

"தள்ளுங்க" என்று மாமனார் முன்னால் வந்து கைப்பிடியை ஒரே அடியாக அடித்து மூடினார். தடால்!

"அட, இதுவா! வேகமா வர்ற தண்ணிய சட்டுனு நிறுத்துனா பைப்பை உதைக்கும். பைப்பைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் லூஸா இருந்தா சுவத்துல போய் மோதும். மெதுவா மூடலாமே பெரியவரே, அப்படி என்ன அவசரம்?"

மாமனார் கூரையைப் பார்த்தார். "வயசாச்சுப்பா. கை நம்ம பேச்சைக் கேக்குறதில்ல."

பிளம்பர் சிங்க்குக்குக் கீழே தலையை நுழைத்து, ஆடிக்கொண்டிருந்த கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்து இறுக்கினார். மாமனார் நாலு தரம் அடித்து மூடிப் பார்த்தார். குழாய் மூச்சு விடவில்லை. லேசில் யாரையும் பாராட்டாத மனிதர், "நல்லா இருப்பா, நல்லா இரு!" என்று பிளம்பரை வாசல் வரை போய் வழியனுப்பினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் வீடு அமைதியாக இருந்தது. பதினோராம் நாள் பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் பார்ப்பேன். அப்புறம் ஊசிதான்" என்றார் டாக்டர்.

நான் உப்பைக்கூட அளந்து சமைப்பவள். எங்கிருந்து ஏறியது? வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் குடைந்தேன். பிள்ளைகளுக்கு வாங்கிய ஜாம் பாட்டில் காலி. கழுவி, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்.

அப்படி என்ன அவசரம்? நான் வருவதற்குள் ஜாம் விரலைக் கழுவும் அவசரம்! முன்பெல்லாம் சத்தம் கேட்டு நான் ஓடிவந்ததால் ஒரு விரலோடு நின்றிருக்கிறது. எனக்குத் துப்புச் சொன்ன ஒரே ஜீவனின் வாயை நானே ஆள் வைத்து அடைத்திருக்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் புண்பட்ட காலை நினைத்ததும் அழுகையும் வந்தது.

அவர் தூங்கும் நேரம் பார்த்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் புகுந்தேன். ரப்பரை உருவினேன். கிளாம்பைப் பழையபடி ஆடவிட்டேன். புது ஜாம் பாட்டிலை அலமாரியில் அதே தட்டில் வைத்தேன்.

மறுநாள் மதியம் தைத்துக்கொண்டிருந்தேன். தடால்!

நான் எழுந்திருக்கவே இல்லை. "மாமா, அந்த ஒரு விரலோட நிறுத்துங்க! ஊசி ஞாபகம் இருக்கட்டும்!"

பாட்டிலை அலமாரியில் வைக்கும் சத்தமும், அவர் குரலும் வந்தன.

"அந்தப் பிளம்பருக்கு வேலையே தெரியலம்மா."